ஆலை போடும் முன் அந்தக் கடைசி வரி

மன்னார்குடி

அன்பு மகள் வளர்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் போடப்போகும் அரிசி ஆலைக்காக நீ அனுப்பிய கொட்டேஷனையும் எக்செல் கணக்கையும் வரி விடாமல் பார்த்தேன். மாப்பிள்ளையிடமும் இதைக் கொடு, அவரும் படிக்கட்டும். ஃபோனில் சொன்னால் பாதி நிற்காது.

மணிக்கு 2 டன் நெல் அரைக்கும் ஆலை, புழுங்கல் தொட்டி, நிறம் மாறிய அரிசியைப் பொறுக்கும் கலர் சார்ட்டர் எல்லாம் சேர்த்து 45 லட்சம். கடனும் கைக்காசுமாக உங்களிடம் இருக்கப்போவது 60 லட்சம். மீதி 15 லட்சத்தை ‘இதர செலவு’ என்று கடைசி வரியில் போட்டிருக்கிறாய். எனக்கு மெஷினில் குறை எதுவும் தெரியவில்லை. என் கவலை எல்லாம் அந்தக் கடைசி வரிதான்.

2025-26 பருவத்துக்கு அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். உங்கள் வாசலுக்கு நெல் கொண்டுவருகிறவர் இந்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் வருவார். டன் 25,000 என்றே வை. மணிக்கு 2 டன், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 16 டன், அதாவது ஒரு நாள் நெல்லுக்கு மட்டும் 4 லட்சம். உன் 15 லட்சம் நாலாம் நாள் சாயங்காலத்தைத் தாண்டாது. விவசாயிக்கு ரொக்கம் கொடுத்தாக வேண்டும். அதைக் காயவைத்து, அவித்து, அரைத்து, லாரி ஏற்றி, மொத்தக் கடைக்காரரிடமிருந்து பணம் வர ஐந்தாறு வாரம் ஆகும். அத்தனை நாளும் ஆலை நிற்காமல் ஓட ஒன்றரைக் கோடி போல நெல்லிலும் அரிசியிலும் முடங்கிக் கிடக்க வேண்டும். வங்கி மெஷினுக்குச் சட்டென்று கொடுக்கும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நெல் வாங்கிப் புரட்டுகிற நடைமுறை மூலதனத்துக்குக் கேட்டால் சொத்துப் பத்திரம் எங்கே என்பார்கள். இந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஆலைகளில் பலதிலும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும், நெல் வாங்கக் காசு இருக்காது. சிறுதொழில் படுக்கிற விதம் பல நேரம் இதுதான். நஷ்டத்தில் விழுவதற்கு முன்னாலேயே கையில் காசு வற்றி நின்றுபோகும்.

அடுத்தது ஈரம். உன் கணக்கில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி. அரசு அரவைக்குப் புழுங்கலுக்கு வைத்திருக்கும் விகிதம் அது, பச்சரிசிக்கு 67. ஆனால் அது காய்ந்த, சுத்தமான நெல்லுக்கு. 20 சதவீத ஈரத்தில் வாங்கிய 100 கிலோவை அரைக்கிற பதமான 14-க்குக் காயவைத்தால் 93 கிலோதான் நிற்கும். (100-இல் 80 கிலோ உலர் பொருள், 80-ஐ 0.86-ஆல் வகுத்துப் பார்.) 7 கிலோ ஆவியாகப் போய்விட்டது, குவிண்டாலுக்கு 175 ரூபாய். மிஞ்சிய 93-இல் பதர், கருக்காய், மண் என்று 2 கிலோ கழித்தால் 91. அதில் 68 சதவீதம் என்றால் 62 கிலோ அரிசிதான். 68 என்று எழுதிய இடத்தில் 62 வந்தால் உன் லாப வரி முழுக்க அழிந்துவிடும். அதே நெல்லை 17-இல் வாங்கினால் காய்வதில் இழப்பு மூன்றரைக் கிலோதான். அரசும் கொள்முதலில் ஈரத்துக்குச் சும்மா 17 என்று வரம்பு வைக்கவில்லை. அடைமழை வருஷங்களில் 19, 20 என்று தளர்த்தியதும் உண்டு.

டெல்டாவில் தை, மாசி சம்பா அறுவடையில் வெயில் துணை இருக்கும். குறுவை வெட்டுவது புரட்டாசி, ஐப்பசி. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். அந்த நெல் 20-க்கு மேல்தான் வரும். ஈரத்தோடு அம்பாரம் போட்டால் ஒரே ராத்திரியில் உள்ளே சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்தாலே தெரியும். அப்புறம் அரிசி மஞ்சளாகும், கலர் சார்ட்டர் அதைப் பொறுக்கித் தள்ளும், தள்ளியது குருணை விலைக்குப் போகும். அதனால் உங்கள் கொட்டேஷனில் முதலில் இருக்க வேண்டியது உமியை எரித்து நெல்லைக் காயவைக்கும் டிரையர். அது இரண்டாம் பக்கத்தில் ‘விருப்பத்தேர்வு’ என்று கிடக்கிறது. களத்து வெயிலை மட்டும் நம்பினால் குறுவையை விட்டுவிட வேண்டியதுதான்.

உலர்த்துவதிலும் அவசரம் கூடாது. அவித்த நெல் 35 சதவீத ஈரத்தில் இறங்கும். ஒரே மூச்சில் 14-க்குக் கொண்டுவந்தால் மணியின் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கி விரிசல் விடும். அரிசி தீட்டுகிற பாலிஷரில் போட்டதும் இரண்டாக உடையும். 16-18 வரை ஒரு சுற்று, அப்புறம் ஆறேழு மணி நேரம் தொட்டியில் ஆறவிட்டு, உள் ஈரம் வெளியே பரவிய பிறகு 13-14 வரை இரண்டாம் சுற்று. காய்ந்த நெல்மேல் பனியோ தூறலோ பட்டாலும் அதே விரிசல்தான். டிரையர் ஆபரேட்டர் சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்தால் அந்த விலையை நொய் மூட்டைகள் சொல்லும்.

மெஷினில் ஒன்றே ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பணம் அங்கேதான் ஒழுகும். உமி உரிக்கிற ரப்பர் ரோல். ஒரு ரோல் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் எதிரெதிரே சுற்றும். வேக வித்தியாசம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அந்த உரசலில்தான் உமி கழன்று வருகிறது. வேகமான ரோல் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் விட்டம் குறையும், வித்தியாசம் குறையும், உரிவது குறையும். உடனே ஆபரேட்டர் என்ன செய்வார்? இடைவெளியை இறுக்குவார். உரியும், கூடவே உடையும். சரியான வழி, இரண்டு ரோலையும் இடம் மாற்றிப் போடுவது. ஜோடி தேய்ந்து முடிந்தால் புதுசு. இன்னொன்று, ஒரே பாய்ச்சலில் எல்லா நெல்லும் உரிய வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. 100-க்கு 85, 90 உரிந்தால் போதும். மிச்சத்தை செப்பரேட்டர் பிரித்துத் திருப்பி அனுப்பும். முழுசாக உரிக்கப் பார்க்கிற ஆலையில் நொய் எப்போதும் கூடுதல்தான்.

உதிரிபாகத்துக்கு இங்கே காங்கேயம், கோயம்புத்தூர் போல வசதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரிங் போனால் செவ்வாய்தான் ஆலை ஓடும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே சைஸ் பேரிங், ஒரே சைஸ் பெல்ட் வருமாறு கேட்டு வாங்குங்கள். ஒரு ஜோடி ரோல், பாலிஷர் சல்லடை, எமெரி, எலிவேட்டர் கப் எல்லாம் கையிருப்பில் இருக்கட்டும். மெஷின்காரர் இதைச் சொல்லமாட்டார், ஒவ்வொரு இடத்துக்கும் தன்னிடம் இருக்கும் சைஸைப் போட்டுவிடுவார்.

புழுங்கலை இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறப்போட்டால் நாற்றம் அரிசி வரைக்கும் வரும். 65-70 டிகிரி வெந்நீரில் மூன்று நாலு மணி நேரம் ஊறவைத்து ஆவி கொடுத்தால் வராது. ஆனால் எந்த வழியானாலும் கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஊறல் தண்ணீர் வேண்டும். 16 டன்னுக்கு 16,000 லிட்டர், தினமும். நெல் குடித்தது போக மீதி கழிவாக வரும். மாவும் சர்க்கரையும் கலந்த அந்தத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் இரண்டே நாளில் ஊரே வாசலில் நிற்கும், நிற்பதும் நியாயம்தான். சுத்திகரிப்புத் தொட்டிக்குக் கொட்டேஷனில் ஒரு பைசா இல்லை. உமி எரித்த சாம்பல் வேறு: நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 16 டன்னுக்கு அறுநூறு கிலோவுக்கு மேல், காற்றில் பறக்கிற சாம்பல். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரியானவற்றைத் தடுக்கிறது. நெல் ஆலையைத் தடுக்கவில்லை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கட்டடத்துக்கு முன் ஒன்று, ஓட்டத்துக்கு முன் ஒன்று வாங்கியாக வேண்டும். வாய்க்கால் ஓர நஞ்சை மலிவாகக் கிடைக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னாரே, அங்கே இது கஷ்டம்.

பெரிய ஆலையோடு மோதுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரள்வது கோடிக்கணக்கில், மிஞ்சுவது கிலோவுக்குச் சில்லறை. ரேஷனில் அரிசி இலவசம் என்பதால் மலிவு அரிசிக்கு இங்கே சந்தையே இல்லை. நல்ல வெள்ளைப் பொன்னிக்குக் காங்கேயமும் ஆரணியும் கர்நாடகமும் பெயரெடுத்துவிட்டன. நம் நெல்லே லாரியில் வெளியே போய் மூட்டையில் பெயர் அச்சடித்து நம் கடைக்குத் திரும்பி வருகிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் பலரும் 26 கிலோ மூட்டைக்குத் தாவினார்கள். பெரிய ஆலைக்காரருக்கு அது பையின் அச்சு மாற்றுகிற வேலை, ஐந்து கிலோ பை போட்டு விற்கிற சின்னவருக்கு அது வரி. கடத்திய ரேஷன் அரிசியைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லி யாராவது வருவார்கள், கூலி நல்லா தருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆலை சீலாகும், வழக்கு வீடு வரை வரும்.

அரிசி வாங்கியவர் வைக்கிற பாக்கி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான். 2006-ஆம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு, 43பி(எச்), வந்ததிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் இந்த ஒரு விதி நன்றாக வேலை செய்யும். அதனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். பாக்கி வரவில்லை என்று அரசின் இணையதளத்தில் புகார் போடுவதை மட்டும், இனி இவருக்கு விற்க வேண்டாம் என்று முடிவு செய்த ஆளுக்கு வைத்துக்கொள். சட்டம் பணத்தை வாங்கிக் கொடுக்கும், அடுத்த ஆர்டரை வாங்கிக் கொடுக்காது.

அப்படியானால் என்ன செய்வது? பாதி ஆலை போடுங்கள். மணிக்கு ஒரு டன், பச்சரிசி லைன், டிரையர். முதல் வருஷம் கூலி அரவை. நெல் அவர்களுடையது, உங்களுக்கு அரவைக் கூலி. முடங்குகிற பணம் கிட்டத்தட்ட இல்லை. இந்தப் பக்கம் அதற்கு ஆள் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியில், பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய பாரம்பரிய நெல் திருவிழாவுக்குப் பிறகு கருப்புக் கவுனி, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது பத்து மூட்டை, இருபது மூட்டை. பெரிய ஆலை அதைத் தொடாது. தொட்டாலும் கலந்துவிடும்.

கலப்பைத் தவிர்ப்பதுதான் அங்கே எல்லாமே. எலிவேட்டர் அடித்தொட்டியில் எப்போதும் சில கிலோ தங்கும். கவுனி ஓட்டிய பிறகு தூயமல்லி போட்டால் வெள்ளை அரிசியில் கறுப்பு மணி மின்னும், அந்த விவசாயி மறுபடி வரமாட்டார். அடித்தொட்டிக்குக் கையால் திறக்கிற கதவு வைக்கச் சொல். வெள்ளை ரகம் காலையில், சிவப்பு மதியம், கறுப்பு கடைசியில். ரகம் மாறும்போது முதலில் வருகிற ஐந்து கிலோவைத் தனியே பிடித்து அந்த நெல்லுக்காரரிடமே காட்டிவிட்டுக் கொடுத்துவிடு. பட்டை தீட்டாத அரிசிக்கு ஆயுள் குறைவு. தவிடு மேலேயே இருப்பதால் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும், வண்டும் வரும். அரைத்த தேதியைப் பையில் போடுங்கள், ஆர்டர் வந்த பிறகு அரையுங்கள். பச்சரிசித் தவிட்டையும் தேக்கக் கூடாது, அன்றன்றைக்கே எண்ணெய் ஆலைக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ போக வேண்டும்.

மானியம் பற்றிக் கேட்டிருந்தாய். பி.எம்.இ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், 2025-26 விதிப்படி, உற்பத்திக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். பெண் பெயரில், கிராமப்புறத்தில் என்றால் மானியம் 35 சதவீதம், நகரில் 25. அதனால் மன்னார்குடி நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சியில், உன் பெயரில் இருக்கட்டும். நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. மானியத் தொகை மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகத்தான் கிடக்கும், அதை எண்ணி நெல் வாங்க முடியாது. ஒப்புதலுக்கு முன் ஆலையைத் தொடங்கினால் பழைய ஆலை என்று தள்ளிவிடுவார்கள். சின்ன உணவு பதப்படுத்தும் தொழிலுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், அதே வருஷ விதிப்படி, 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். சின்ன ஆலைக்கு அது எளிது. இரண்டு திட்டத்தின் விவரத்தையும் எடுத்துக்கொண்டு திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசு. மின்சாரத்துக்கு எவ்வளவு கிலோவாட் கேட்கிறோமோ அதற்கு நிலைக் கட்டணம் உண்டு, ஆலை ஓடாத ஆடி மாதத்திலும் வரும். தேவைக்கு மேல் லோடு எழுதிக் கொடுக்காதே.

மெஷின்காரருக்கு இன்னும் அட்வான்ஸ் போடவில்லை என்றால் போடாதீர்கள். ஒரு டன்னுக்குத் திருத்திய கொட்டேஷன் கேளுங்கள்: டிரையர் உள்ளே, பாய்லரும் புழுங்கல் தொட்டியும் வெளியே, ஆனால் பின்னால் சேர்க்க இடம் விட்டு. அரிசி மொத்தம் எத்தனை சதவீதம், அதில் முழு அரிசி எவ்வளவு என்பதை 14 சதவீத ஈரத்தில், நம் ஊர் நெல்லைப் போட்டு ஓட்டிக் காட்டுவதாக எழுத்தில் வாங்குங்கள். தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் சின்ன அளவில் அரைத்துப் பார்க்க வழி உண்டா என்று விசாரித்து வைக்கிறேன். நீ வரும்போது ஒரு நல்ல ஈரப்பதமானி வாங்கி வா. விலை குறைந்தது வேண்டாம், நெல்லுக்கு அளவு திருத்தியதா என்று கேட்டு வாங்கு.

அன்புடன்,
அம்மா