நெசவாளர் சங்க ஆண்டறிக்கை 2024-25

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தன்று மூத்த நெசவாளர்களுக்குச் சால்வை போர்த்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது எலக்ட்ரானிக் ஜக்கார்டைப் பற்றி. பாவு நூலைத் தூக்கிச் சேலையில் டிசைன் விழவைக்கத் தறிமேல் உட்காரும் பெட்டிதான் ஜக்கார்டு, இது அதன் கம்ப்யூட்டர் வடிவம். இந்த வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் நாம் சண்டை போட்டதும் அதற்காகத்தானே.

பழைய பெட்டியில் ஒவ்வோர் ஊடைக்கும், அதாவது குறுக்கு நூலுக்கும், துளை அடித்த ஓர் அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தாலும், 36 அங்குல முந்தியில் திரும்ப வராத டிசைன் என்றால் 2,160 அட்டை. அத்தனையும் அடித்து, கோத்து, தறிமேல் ஏற்ற வேண்டும். ஐப்பசி மழையில் அட்டை ஊறிவிட்டால் அன்னத்துக்குக் கழுத்து காணாமல் போகும். இப்போது டிசைனைப் பென்டிரைவில் கொண்டுவந்து செருகினால் சரி. பாவு நூலைத் தூக்கும் கொக்கிகளில் எது எழ வேண்டும் என்பதை மின்காந்தம் பார்த்துக்கொள்கிறது.

கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் கோர்வையை மட்டும் அது தொடவில்லை. காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஊடை நூலை ஓட்டும் அதே மூன்று நாடா, பக்கத்தில் அதே துணையாள். ‘கம்ப்யூட்டர் சேலை’ என்று கேலி பேசுகிறவர்கள் ஒரு நாள் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பார்க்கட்டும்.

தொல்லையும் உண்டு. தை மாதம் ஓர் உறுப்பினரின் தறியில் ஒரே ஒரு கொக்கி எழவில்லை. கரை நெடுக மயிரிழை போல ஒரு கோடு. கவனிப்பதற்குள் இரண்டு முழம் ஓடிவிட்டது. பெட்டி விற்றவர்களுக்குப் போன் மேல் போன் போட்டு, ஆள் வந்தது ஒன்பதாம் நாள். கழற்றிப் பார்த்தால் எலி கடித்த ஒயர்! நம் பிள்ளைகள் இரண்டு பேரை இந்த வேலை பழக அனுப்புவதென்று அப்புறம்தான் முடிவெடுத்தோம்.

மிதித்து மிதித்து முட்டி போகிறது, ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நியாயம்தான், எனக்கும் முட்டி வலி. ஆனால் விசைத்தறி அல்லாததே கைத்தறி என்கிறது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். இன்று ஜக்கார்டைத் தூக்கும் மோட்டார் நாளை நாடாவையும் அடிக்கும். அப்போது கைத்தறி முத்திரை கேட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆகவே பெட்டி இருக்கலாம், தூக்குவது கால்தான் என்று தீர்மானம் போட்டோம். மூவர் எதிர்த்தார்கள், அதுவும் பதிவாகியுள்ளது.

பழைய அட்டைக் கட்டுகளைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். துளை துளையாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறோம். வரிசை குலையாமல், கோத்த கயிற்றோடு சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை கொக்கிப் பெட்டிக்கு அடித்தது என்று ஒரு சீட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்