அப்பத்தாவுக்காக தாரா குன்னுக்கு ஒரு தடவ போய்ட்டு வா பாப்பா

பாப்பா,

அப்பா எழுதுறேன். போன்ல பேசுனா நீ அழுவ, எனக்கும் தொண்ட அடச்சுக்கும், அதான் டைப் பண்ணியே அனுப்பிரலாம்னு உக்காந்தேன். எல்லாப் பேரப்புள்ளைகளும் அப்பத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிச்சாங்க, நான் மட்டும் பிடிக்கலன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாம். உனக்கு டிக்கெட் கெடைக்கல, நம்மூர்ல ஒடம்ப அவ்ளோ நேரம் போட்டு வைக்கவும் மாட்டாங்க, இதுல உன் தப்பு ஒண்ணுமே இல்லடா.

நான் அயர்லாந்து வந்திருந்தப்ப தாரா குன்னுக்குக் கூட்டிட்டுப் போனீல்ல, உச்சியில புல் மூடுன ஒரு சின்ன மேடு, வாசல்ல இரும்புக் கம்பிக் கதவு. பிணைக்கைதிகள் மேடுன்னு பேரு, அது பின்னாடி வந்த ராஜாக்கள் கதைய வச்சு வந்த பேரு, மேடு அவங்களுக்கெல்லாம் ரொம்ப மூத்தது. அன்னைக்கு நான் அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உள்ளயே பாத்துக்கிட்டு நின்னேன், நீ கெளம்பலாம்ப்பான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்த. ஊருக்கு வந்தப்புறம் அதப் பத்தி தேடித்தேடிப் படிச்சேன், அதத்தான் உனக்குச் சொல்லணும்.

சுமாரா 5000 வருஷத்துக்கு முன்னாடி கட்டுனது, எகிப்துல பெரிய பிரமிடு வர்றதுக்கும் பல நூறு வருஷம் முந்தி. வெள்ளாம பண்ணி ஆடு மாடு வளத்த சனம், இரும்பு செம்பு எதுவும் அவங்க கையில கெடையாது. பெரிய பெரிய கல்ல நட்டு, மேல கல்லு பாவி, சுமாரா 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து, குறுக்க கல்லு வச்சு மூணு பாகமா தடுத்து, அதுமேல கல்லும் மண்ணும் குவிச்சாங்க. நியூகிரேஞ்ச்னு அயர்லாந்துல இன்னொரு பெரிய பழங்காலக் கல்லறை இருக்குல்ல, அதுல உள்ள போற பாதை மட்டுமே 19 மீட்டர், அதுக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல. ஆனா இந்தச் சந்துக்குள்ள 200 பேருக்கு மேல எலும்பு இருந்திருக்கு பாப்பா. 200 பேரு!

அத்தன பேரையும் ஒரே நாள்ல வைக்கல. வெளிய எரிச்சு, நாம காடாத்துக்குப் பொறுக்குற மாதிரி எலும்பப் பொறுக்கி, தலமொற தலமொறயா கொண்டாந்து சேத்திருக்காங்க. எலும்புல செஞ்ச ஊசி, கல்லு மணின்னு அவங்க பொருளும் கூடவே கெடந்திருக்கு. யாரு எலும்பு யாருதுன்னு பிரிக்கவே முடியாத அளவுக்கு கலந்து போச்சு. அப்புறம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல கழிச்சு, வெண்கலக் காலத்து ஆளுங்க வந்து அதே மேட்டுலயே அவங்களோட ஆளுங்களையும் பொதச்சாங்க. அதுல ஒரு பையன், 14 15 வயசு இருக்கும், அவன எரிக்காம முழுசா வச்சிருக்காங்க, கழுத்துல அம்பருங்கிற கல்லாப் போன மரப்பிசினும் வெண்கலமும் கோத்த மாலை. புள்ளையப் பெத்தவன் எனக்கு அதப் படிச்சிட்டு மேல படிக்க முடியல, மூடி வச்சிட்டு மறுநாள்தான் படிச்சேன்.

அந்த மேட்டத் தோண்டுன கதையும் அப்படித்தான், ஒருத்தர் விட்டத இன்னொருத்தர் எடுத்திருக்காங்க. ஷான் ஓ ரீர்டான்னு ஒரு பேராசிரியர் 1955-ல ஆரம்பிச்சாரு, 1957-ல எறந்துட்டாரு. ருவாரி டி வலேரா எடுத்து 1959-ல முடிச்சாரு. முழு ரிப்போர்ட்ட மூரிஷ் ஓ சலிவன் 2005-லதான் புத்தகமா கொண்டு வந்தாரு. அவ்ளோ வருஷம் கழிச்சும் ஒருத்தர் அந்த 200 பேருக்காக உக்காந்து எழுதிருக்காரு, லேட்டாயிருச்சேன்னு விட்டுறல. நீயும் லேட்டா செஞ்சா அப்பத்தா கோச்சுக்காது பாப்பா, உன்னத் தூக்கி வளத்த மனுஷி அது.

நவம்பர் தொடக்கத்துலயும் பிப்ரவரி தொடக்கத்துலயும் காலைல உதிக்கிற சூரியன் நேரா அந்தச் சந்துக்குள்ள போயி பின்னாடி கல்லுல படும். நம்ம தை அமாவாசையும் கிட்டத்தட்ட அந்த வாக்குலதான் வருது. பிப்ரவரி முதல் வாரத்துல உங்களுக்கு புனித ப்ரிஜிட் நாள் லீவு இருக்குல்ல, அந்த வாரக்கடைசில இருட்டோட கெளம்பிப் போ. கதவு பூட்டித்தான் இருக்கும், வெளிய நின்னாப் போதும். அப்பத்தா பேர ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லு. வெளக்கு, பூ, சாம்பிராணின்னு எதையும் அங்க வைக்காத, மேட்டு மேலயும் ஏறாத, அந்தக் கல்லுக்குச் சேதாரம் வரக்கூடாது.

மேல காத்து பேய் மாதிரி அடிக்கும், குல்லாவும் அந்தப் பெரிய ஜெர்கினும் போட்டுக்க. தனியா போகாத, ரூம்மேட்ட கூட்டிட்டுப் போ. அந்தப் பையன் மாலை டப்ளின்ல கில்டேர் ஸ்ட்ரீட் மியூசியத்துக்குச் சொந்தம், உள்ள போக டிக்கெட்டும் கெடையாது, ஒரு நாள் போயி வெளிய வச்சிருக்காங்களான்னு கேட்டுப் பாரு. இருந்தா எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. தலைத்திவசத் தேதிய அம்மா ஐயர்கிட்ட கேட்டுட்டு வாட்ஸ்அப்ல போடுவா, அதுக்கு இப்பவே லீவு சொல்லி வச்சிரு.

அப்பா