கணவர் கையெழுத்து எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கருக்கலைப்புக்காக வரும் பெண்களிடம் இன்றும் கேட்கப்படும் ஒரு கையெழுத்தைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

1971ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்து, மனநலத்துடன் இருக்கும் பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும். கணவரின் ஒப்புதலையோ மாமியாரின் ஒப்புதலையோ அது கேட்பதில்லை. ஆனால் நான் உடன் சென்ற ஒரு மருத்துவமனையில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி, ஏழாவது வாரத்திலேயே வந்திருந்தும், "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டாள். அவர் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார். அவர் விடுப்பு பெற்று ஊர் வந்து சேர்வதற்குள் ஒன்பது வாரம் கடந்துவிட்டது. மாத்திரையால் முடிந்திருக்க வேண்டியதற்கு இப்போது அறுவை அரங்கு தேவைப்பட்டது. கூடவே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் சம்மதித்தால்தான் செய்வோம் என்று ஒரு நிபந்தனை வந்தது. சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை எங்கும் இல்லை. அன்று அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று பதிவேட்டில் எழுதியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

மணமாகாத பெண்களின் நிலை இதைவிடக் கடினம். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கருத்தடை தோல்வி பற்றிய பகுதியில் "கணவர்" என்ற சொல்லை நீக்கி "துணைவர்" என்று மாற்றியது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருவைக் கலைப்பதற்கான அனுமதி மணமாகாதவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும் புறநோயாளிச் சீட்டு எழுதுமிடத்திலேயே, பலர் காதில் விழும்படி, "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டால், அந்தப் பெண் அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்கோ போலி மருத்துவரிடமோதான் போவாள்.

மருத்துவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் அந்தக் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக நிற்க வேண்டியது தங்கள் துறையின் எழுத்து ஆணை. கணவர் கையெழுத்து தேவையில்லை, கருத்தடை அறுவையை நிபந்தனையாக்கக் கூடாது என்னும் இரண்டு வரிகளைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வோர் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு வாசலிலும் ஒட்டுவதற்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்