பினாங்கு மாநிலத் தனியார் கிளினிக் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். செபராங் பிறையில் டயாலிசிஸ் தாதியாகப் பணிபுரியும் நான், காய்ச்சலுக்கு உங்களிடம் மருந்து வாங்கிச் சென்று, சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து எங்களிடம் வந்து சேரும் தொழிலாளர்களைப் பற்றி இதை எழுதுகிறேன். சாக்கடை வாருபவர்கள், பசாரில் மீன் பெட்டி இறக்குபவர்கள், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். பலருக்கு நீரிழிவும் கிடையாது, இரத்தக் கொதிப்பும் கிடையாது. எலிச் சிறுநீர் கலந்த நீர், சேறு வழியாகத் தொற்றும் எலிச் சிறுநீர்க் காய்ச்சல்தான் (லெப்டோஸ்பைரோசிஸ்) இவர்களைத் தாக்கியிருக்கிறது.

அண்மையில் வந்த ஒருவர் தம் கெண்டைக்கால் சதையைத் தொடவே விடவில்லை. கண்கள் சிவந்திருந்தன, பீளை இல்லை. அவர் கொண்டுவந்த கிளினிக் அட்டையில் ‘காய்ச்சல், உடல்வலி’ என்றும், டிங்கி சோதனை நெகட்டிவ் என்றும், வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்டது என்றும் எழுதியிருந்தது. தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. அவர் கால்வாய் துப்புரவு செய்பவர் என்பதே அவருடைய மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உங்களுக்குப் புதிதல்ல. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஃபிளெட்சர் என்ற ஆய்வாளர் 1920களிலேயே அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 2010 முதல் சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் அது இருக்கிறது. ஆனாலும், டிங்கி இல்லை என்று தெரிந்தவுடன் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இந்த நோயில் சிறுநீரகம் கெடும் விதமும் ஏமாற்றக்கூடியது. கிருமி சிறுநீரக நுண்குழாய்களையே முதலில் தாக்குவதால், ஆரம்பத்தில் சிறுநீர் வழக்கம்போலவோ கூடுதலாகவோகூடப் போகலாம்; இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதற்குப் பதில் இறங்கியும் இருக்கலாம். ‘ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா?’ என்று கேட்டு, ‘போகிறது, டாக்டர்’ என்ற பதிலோடு திருப்தியடைந்தால் நோய் தப்பிவிடுகிறது. வாந்தியிலும் வியர்வையிலும் நீர் வற்றிய உடம்பில், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் வலி ஊசியையும் போட்டால், கெடுதலை நாமே இரட்டிப்பாக்குகிறோம். டிங்கியாக இருந்தாலும் அந்த ஊசி ஆகாது என்பது தாங்கள் அறிந்ததே.

ஆகவே, காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் அவர் செய்யும் வேலையையும், கடந்த சில வாரங்களில் வெள்ள நீரிலோ சேற்றிலோ இறங்கினாரா என்பதையும் கேட்டு அட்டையில் எழுதுங்கள். காட்டோரத்தில் வேலை என்றால் மலேரியாவையும் நினைவில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் டிங்கி சோதனையோடு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்து எடுங்கள். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும் என்பதால், அந்த முடிவுக்காகக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குவது நல்லது. உண்ணிக் காய்ச்சலாக இருந்தாலும் அது கேட்கும். மஞ்சள் காமாலையோ மூச்சுத் திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஊசியை நோயாளிதான் கேட்டு வாங்குகிறார் என்று நீங்கள் சொல்லக்கூடும், அது உண்மைதான். நாள் கூலிக்காரருக்கு நாளைக்கே வேலைக்குப் போயாக வேண்டும், குத்தகை முதலாளி ஒரு நாள் எம்.சி.யையே (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) முகம் சுளித்துத்தான் வாங்குவார். ஆனால் நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் இந்தச் சிறுநீரகம் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டிய நோயல்ல இது. அதனால், இரத்தச் சோதனை முடிவு வரும் வரைக்குமாக எம்.சி. எழுதித் தாருங்கள், ஊசி ஏன் போடவில்லை என்பதை அவருக்குப் புரியும் மொழியில், முடிந்தால் கூட வந்திருப்பவரிடமும், சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் தாதி,
செபராங் பிறை