கதவுக் கணினிக்கு ஒரே ஓர் எண் போதாது: ரயில் இயக்க நிறுவனங்களுக்கும் சிக்னல், பெட்டித் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எட்டுப் பெட்டிக்குத்தான் இடம் உள்ள நடைமேடையில் பன்னிரண்டு பெட்டி வண்டி வந்து நிற்கிறது. பின்னால் உள்ள நான்கு பெட்டிகளின் கதவு திறந்தால் பயணி கால் வைப்பது ஜல்லியில். அதைத் தடுப்பதுதான் தானியங்கித் தேர்வுக் கதவு இயக்கம். பல வண்டிகளில் இதற்கென்றே தனியாக ஜிபிஎஸ் வைத்தார்கள். சுரங்கத்தில் அது கிடைக்காது. பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களில் வண்டி எதில் நிற்கிறது என்பதையும் அதை நம்பிச் சொல்ல முடியாது. அதனால் நடைமேடை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் சந்தேகம்தான்.

இப்போது ஈடிசிஎஸ் வருகிறது, அதாவது வண்டியின் இடத்தையும் வேகத்தையும் கண்காணித்து, மீறினால் பிரேக் போடும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை. "வண்டி இருக்கும் இடம் அதற்குத் தெரியும், கதவுக்கும் அதையே கொடு" என்று டெண்டரில் ஒரு வரி எழுதிவிடுகிறீர்கள். யோசனையில் பிழையில்லை. அந்த ஒரு வரி விட்டுவிடும் விஷயங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

ஈடிசிஎஸ் வண்டியின் முன்முனைக்கு மூன்று மதிப்புகளை வைத்திருக்கிறது. ஒன்று, மதிப்பிட்ட இடம். மற்ற இரண்டும் வண்டி அதிகபட்சம் எதுவரை போயிருக்கலாம், குறைந்தபட்சம் எதுவரை வந்திருக்கும் என்ற எல்லைகள். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்து, மேலே போகும் வண்டிக்கு இடத்தைச் சொல்லும் கருவிதான் பலீஸ். கடைசியாகக் கடந்த பலீஸ் தொகுதியிலிருந்து எவ்வளவு தூரம் ஓடியதோ, அதற்கேற்ப இந்த இடைவெளி விரியும். ஓடிய தூரத்தை அளக்கும் ஓடோமீட்டருக்கு விதி அனுமதிக்கும் பிழை 5 மீட்டர், அதோடு ஓடிய தூரத்தில் 5 சதவீதம். பலீஸ் பதித்த இடத்தின் துல்லியம் இதற்குமேல் தனியாகச் சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி ஒன்று 20 மீட்டர், நடைமேடை 170 மீட்டர். முன்முனை நடைமேடையின் முடிவுக்கு 2 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். எட்டாவது பெட்டியின் கடைசி, நடைமேடை முடிவிலிருந்து 162 மீட்டர் பின்னால் இருக்கும். ஆக மிச்சம் 8 மீட்டர். கடைசி பலீஸ் 300 மீட்டருக்கு முன்னால் என்றால் பிழை 5 + 15, துல்லியத்துக்கு 1, மொத்தம் 21 மீட்டர். முன்முனை நடைமேடையைத் தாண்டி 19 மீட்டர் போயிருக்கலாம், அல்லது 23 மீட்டர் குறைவாக நின்றிருக்கலாம். முதல் பெட்டியையும் எட்டாவது பெட்டியையும் திறக்க முடியாது. எட்டு ஆறாகிவிட்டது, அதுவும் முதல் பெட்டி பூட்டியபடி. நல்ல ஓடோமீட்டர் இதைவிடத் துல்லியமாகவே ஓடும் என்பது உண்மைதான். ஆனால் சக்கரம் வழுக்கும் ஈரநாளில் அந்தத் துல்லியம் கைகொடுக்காது.

அதே இடத்தில், நிற்கும் புள்ளிக்கு 20 மீட்டர் முன்னால் இன்னொரு பலீஸ் தொகுதி இருந்தால் பிழை 5 + 1 + 1, அதாவது 7 மீட்டர். எட்டாவது பெட்டியின் கடைசி 169 மீட்டரில் நிற்கும், 170க்குள் அடங்கிவிட்டது. முன்பக்கம் 5 மீட்டர் தாண்டியிருக்கலாம் என்றாலும், முதல் கதவு மூக்கிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருந்தால் அதுவும் நடைமேடைக்குள்தான்.

தொகுதியில் இரண்டு பலீஸ் வையுங்கள், அப்போதுதான் வண்டி எந்தத் திசையில் வருகிறது என்பது அதிலிருந்தே தெரியும். அடுத்த பலீஸ் எங்கே வரும், அது தவறினால் என்ன செய்வது என்று வண்டிக்கு முன்பே சொல்லும் லிங்கிங் தகவலில் இதன் எதிர்வினை "எதுவும் வேண்டாம்" என்று இருக்கட்டும். கதவுக்காக வைத்த பலீஸ் படிக்காமல் போனதற்கு வண்டி பிரேக் போட்டு நிற்கக் கூடாது. பலீஸ் பதித்த இடத்தின் துல்லியத்தை அளந்து தரவில் நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் ஈடிசிஎஸ்ஸின் இயல்பு மதிப்பான 12 மீட்டர் வந்து உட்காரும். 7 மீட்டர் 18 ஆகும், பலீஸுக்குச் செலவழித்தது வீண். பலீஸைப் படிக்கும் ஆண்டெனா வண்டியின் மூக்கிலிருந்து 12.5 மீட்டர் வரை பின்னால் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பலீஸை நிற்கும் புள்ளிக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் ஆண்டெனா அதன்மேல் போகவே போகாது.

ஆக, பெட்டித் தயாரிப்பாளர்களிடம் கேட்பது இது: மூன்று எண்களையும் கதவுக் கணினி வாங்க வேண்டும். ஒரு கதவு அந்த இடைவெளியின் இரு முனையிலும் நடைமேடைக்குள் இருந்தால் மட்டும் அதைத் திறக்க அனுமதி. பெட்டி முழுவதுக்கும் ஒரே முடிவு எடுப்பது சோம்பேறித்தனம். பாதிப் பெட்டி உள்ளே இருந்தால் அந்தப் பாதியின் கதவையாவது திறக்கலாமே.

நடைமேடை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம், என்ன உயரம் என்பதை ஈடிசிஎஸ்ஸின் பேஸ்லைன் 3 பதிப்பில் உள்ள பாக்கெட் 69 என்ற தரவுத் தொகுப்பு கொண்டுவருகிறது. முந்தைய பதிப்பான பேஸ்லைன் 2 வண்டிக்கு அது புரியாது. அங்கே, ஈடிசிஎஸ்ஸுக்கு வெளியே உள்ள பயன்பாடுகளுக்கான பாக்கெட் 44இல் தனி வடிவம் தேவைப்படும். வளைவில் வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இடைவெளி பெரிதாக உள்ள பகுதியை நீளத்திலேயே கழித்துவிடுங்கள். பழுதுவேலைக்காக நடைமேடையின் ஒரு பகுதியை மூடும்போது ஆர்பிசி, அதாவது வண்டிகளுக்கு ரேடியோவில் தகவல் அனுப்பும் தரைக் கணினியின் தரவை மாற்ற நாளாகும். அதற்கென்று வண்டியில் ஒரு கட்டுப்பாட்டு அட்டவணை இருக்கட்டும். அந்த அட்டவணை கதவுகளைக் குறைக்கலாம், ஒன்றைக்கூடக் கூட்டக் கூடாது.

அடிக்கடி பிசகுவது வண்டி அமைப்பில். எட்டுப் பெட்டியோடு நான்கைக் கோத்து ஓட்டுநர் கிளம்புகிறார். ஈடிசிஎஸ்ஸில் பழைய நீளம் அப்படியே கிடக்கிறது. வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கணினி எண்ணிய பெட்டிகளும் ஓட்டுநர் கொடுத்த நீளமும் ஒத்துப்போகாவிட்டால் தானியங்கி அனுமதியை நிறுத்திவிட வேண்டும். திருப்பிக் கோத்த பெட்டித் தொகுதியில் இடப்பக்கம் வலப்பக்கமாகும். அதை மென்பொருளை நம்பி விடாமல், கேபிள் குறுக்கு இணைப்பிலேயே தீர்ப்பது நல்லது.

நடைமேடையிலேயே ஈடிசிஎஸ் கணினியை அணைத்து மறுபடி போட்டால் வண்டி இருக்கும் இடம் தெரியாமல் போகலாம், அடுத்த பலீஸ் வரை. இன்னொரு வண்டி நிற்கும் நடைமேடைக்குள் பின்னால் நுழையும் வண்டி நடுவில் நிற்கும். இடம் தெரியாதபோது என்ன செய்வதென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: தானாக எதுவும் திறக்காது, ஓட்டுநர் முத்திரையிட்ட பொத்தானால் எண்ணிக்கையைத் தேர்வார், அது பதிவாகும். அவசரக் கைப்பிடியை மட்டும் எந்த நிலையிலும் பூட்ட வேண்டாம். தீயென்று வந்தால் ஜல்லியே மேல்.

"முதல் எட்டுப் பெட்டிகளில் இறங்கலாம்" என்ற அறிவிப்பு வண்டி நிற்பதற்கு முன்பே போய்விடும். நின்றபின் ஆறுதான் என்று முடிவானால் அந்த எண் பூட்டிய பெட்டிகளுக்குள் உடனே ஒலிக்க வேண்டும். கதவுக் கணினிக்கும் அறிவிப்பு அமைப்புக்கும் இடையே இந்த ஒரு தகவல் வரியை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

சோதனையில் ஒவ்வொரு நடைமேடைக்கும் ஒவ்வொரு வண்டி அமைப்பையும், இரு திசைகளிலும், இரு முனை கேபினிலும் ஓட்டுங்கள். எல்லையில் ஒரு மீட்டர் முன்னும் ஒரு மீட்டர் பின்னும் நிறுத்துங்கள். ஒரு பலீஸை மூடிவிட்டு ஒருமுறை, சக்கரத்தை வழுக்கவிட்டு ஒருமுறை. இந்தப் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர்க்காவிட்டால், அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்.