ஆட்டிசம் உள்ளவர் வீட்டுக்குத் துணையாளை அனுப்புங்கள்

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்னையில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் பயிற்சி மையத்தில் தாங்களே சோறு ஆக்குகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நிற்பதோடு சரி. சோம்பல் இல்லை. குக்கர் வேறு, சுவிட்ச் வேறு, அரிசி டப்பா இருக்கும் இடம் வேறு. ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்துக்குத் தானாக வருவதில்லை. எங்கே வாழப்போகிறாரோ, அங்கேயே பழக்க வேண்டும்.

'கொஞ்சம் தண்ணி ஊத்து', 'வெந்ததும் இறக்கு' என்பதெல்லாம் உதவாது. ஒரு டம்ளர் அரிசி, இரண்டு டம்ளர் தண்ணீர், தினமும் அதே டம்ளர். விசில் சத்தம் தாங்காதவருக்கு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர். வேலையைப் பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துப் படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். கடைசிப் படியை, அதாவது மூடி திறந்து தட்டில் போடுவதை, முதலில் அவர் கையில் விடுங்கள். வேலை முடிந்ததை அவரே பார்ப்பார். அது பழகியபின் அதற்கு முந்தைய படி.

பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது, கூட இருந்து பழக்கும் துணையாளின் வாய்தான். 'அடுத்து இதை எடு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் படத்தைப் பார்க்க மாட்டார், குரலுக்காகக் காத்திருப்பார். மாதங்கள் போனாலும் குரல் இல்லாமல் கை நகராது. துணையாள் பின்னால் நின்று, பேசாமல் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். சில நாளில் வாசற்படிக்கு, பிறகு அடுத்த அறைக்கு விலக வேண்டும்.

வழக்கம் மாறும் நாளுக்குத் தனி அட்டை வேண்டும். கரண்ட் போனால்: "ஐந்து நிமிடம் உட்கார். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா பார். எரிந்தால் துணையாளுக்குப் போன். எரியாவிட்டால் மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்), 94987 94987." கீழே மின் இணைப்பு எண்ணும், போனில் சொல்ல வேண்டிய இரண்டு வரியும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழத் தேவையான தனிநபர் உதவியையும் சொல்கிறது. பராமரிப்பு இல்லங்களுக்குக் கொடுப்பதுபோல், வீட்டுக்கு வரும் துணையாளின் மணிநேரத்துக்கும் நிதி ஒதுக்குங்கள். முதல் மூன்று மாதம் தினம் இரண்டு மணி நேரம், பிறகு வாரம் இருமுறை, அதன்பின் போன். பழகிவிட்டார் என்று அடியோடு நிறுத்தாதீர்கள். வீடு மாறினாலோ பெற்றோர் இறந்தாலோ பழகியதும் குலையும், அப்போது மணிநேரத்தைக் கூட்டத் தனி விண்ணப்பம் கேட்காதீர்கள். துணையாள் மாறுவதாக இருந்தால், பழையவரும் புதியவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து வர வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கும் இருவருக்கும் சம்பளம் கொடுங்கள்.