வலி மாத்திரை பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் நீயாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. பொங்கலுக்கு வந்தபோது நீ மேசைமேல் விட்டுச் சென்ற மாத்திரைப் பட்டையைப் பார்த்தேன்: டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் கலந்த மாத்திரை அது. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் பட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார். மருந்தின் பெயர் அச்சான பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. வேறு கடையில் வேறு பெயரில் அதே மருந்தை வாங்கி ஒரே நாளில் இரண்டையும் விழுங்குபவர்கள் இப்படித்தான் உண்டாகிறார்கள்.

வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்தான், இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலம் சுரக்கவும் அங்கே ரத்தம் சீராக ஓடவும் துணைசெய்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் கண்டறிந்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் அவ்வகையே. வலியைத் தணிக்கும்போதே அவை இரைப்பையின் காவலையும் தளர்த்திவிடுவதால், அங்கே சுரக்கும் அமிலமே சுவரைப் புண்ணாக்குகிறது. இது ரத்தத்தின் வழியாகவும் நடப்பதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து நீங்காது. சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது என்று நீ நம்புவதும் சரியல்ல; எரிச்சல் சற்றுக் குறையலாம், புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது உன் ரத்தசோகை. இந்த மருந்துகள் சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்கி, வெளியே தெரியாமல் சிறுகச் சிறுக ரத்தம் கசியச் செய்யக்கூடியவை. அமிலச் சுரப்பைக் குறைக்க நீ துணைக்குப் போடும் ஒமிப்ரசோல் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் ஓரளவு காக்குமே தவிர, அதற்கு அப்பால் காப்பதில்லை. வயிறு வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே. எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்த புண், திடீரென ரத்தப்போக்கில் வெளிப்படுவதும் உண்டு. மலம் கறுத்துப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்துடனும் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதுதான் காரணம் என்று நீயே முடிவுகட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று, அத்தை இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். முழங்கால் வலி என்று கேட்டால் உன் பட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதே. இரண்டும் சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

தனிப் பாராசிட்டமால் இரைப்பைக்கு இதமானது, ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். கலப்பு மாத்திரையில் உள்ளதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, எத்தனை மாதமாக எந்த மாத்திரை போடுகிறாய் என்பதை மறைக்காமல் சொல். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான பரிசோதனையும் இரைப்பையில் தங்கிப் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கான பரிசோதனையும் தேவையா என்று கேள். அந்தக் கிருமி இருப்பவர்களுக்கு இம்மருந்துகளால் புண் வரும் வாய்ப்பு மேலும் அதிகம். இடுப்பு வலிக்கான காரணத்தையும் அவரே பார்க்கட்டும். முடிவுகள் வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா